யாழ்க்காரியின் சுண்டுவிரல்

அத்தியாயம் 9

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

ஏணியின் ஏழாவது படியில் நின்றபடி ரடோவன் ஹெய்டுக் நான்காவது முறையாக எண்ணினார். இந்த முறையும் நாலுதான் வந்தது.

"தலைவரே, ஒண்ணாங்கிளாஸ் புள்ளகூட ஒரே தடவைல எண்ணி முடிச்சிரும்" என்றாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த யித்கா.

"பேசாம பிடி."

"பேசாம பிடிச்சா தூங்கிடுவேன். அப்புறம் உங்க விரலை நான் எண்ண வேண்டி வரும்."

யித்கா துப்பறிவாளர் ஹெய்டுக்கிடம் உதவியாளராகச் சேர்வதற்கு முன் ஆறு வருஷம் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தவள். பதில் பேச முடியாதவர்களிடம் பேசியே பழகியவள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

லிபோவா ஊர் இசையரங்கத்தின் முன்கூடத்தில் சுவரின் மேல்பாதியில் ஆள் உயரக் கண்ணாடிப் பலகைகள் இருபத்திரண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியக்காரர். வெளியே நவம்பர் மூடுபனி. இந்த வெளிச்சத்தில் நேராக நின்று பார்த்தால் வெறும் கண்ணாடிதான், கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால்தான் பிடில்காரரும் முரசுக்காரரும் எழுந்து வருவார்கள். பதினேழாவது பலகையில் யாழ்க்காரி. கம்பிகள் மேல் படிந்திருந்த அவளது வலது கையில் நான்கே விரல்கள்.

சுண்டுவிரல் இல்லை. அந்த இல்லாத விரலை நம்பித்தான், போன வியாழக்கிழமை ஹெய்டுக் ஒரு பெண்ணிடம், "உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார்" என்று சொல்லியிருந்தார்.

அந்தப் பெண் ஹெட்விகா. கண்ணாடித் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இருபத்திரண்டு பலகைகளையும் செப்புச் சக்கரத்தில் செதுக்கியவர் அவருடைய கணவர் யாரோமீர். 1971 செப்டம்பரில் தொழிற்சாலைக்காரர்களோடு யுகோஸ்லாவியக் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனார். ஹெட்விகாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. புருஷன் பெண்டாட்டியை அப்போதைய கம்யூனிஸ்ட் அரசு சேர்த்து அனுப்பாது, ஒருவர் ஊரில் இருந்தால்தான் மற்றவர் திரும்பி வருவார் என்ற எண்ணம். கடைசி நாள், செப்டம்பர் 30 காலையில், கரையில் யாரோமீரின் சட்டையும் செருப்பும் கிடந்தன. ஆளும் இல்லை, உடலும் இல்லை. கடல் கொண்டு போயிருக்கலாம். இத்தாலிக்குத் தப்பியிருக்கலாம். இந்த இரண்டில் எதற்கு அழுவது என்று தெரியாமலே ஹெட்விகாவுக்கு இருபத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இந்த வசந்தத்தில் அவருக்குப் போதும் என்று ஆகிவிட்டது. கணவர் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கோரி நீதிமன்றத்தில் மனுப் போட்டார். குடும்பக் கல்லறையில் ஒரு பெயராவது வெட்டலாமே என்பதுதான் காரணம்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து. ஏப்ரலில் சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தவர்களின் ஏணி சாய்ந்து பழைய யாழ்க்காரி நொறுங்கிப்போனாள். ஒரே வாரத்தில் புதிதாக ஒருத்தி அதே இடத்தில் வந்து நின்றாள். செப்டம்பரில் கச்சேரிக்கு வந்த ஹெட்விகா அவளைப் பார்த்து, பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய சொந்த முகம். நகங்களோ யாரோமீரின் நகங்கள், மிகச் சின்னச் சக்கரத்தில் ஒரே இழுப்பாக இழுத்து, முனையில் ஒரு வால் வைத்தவை. இந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படிச் செதுக்குவதில்லை. பழைய பலகையின் புகைப்படத்தில் யாழ்க்காரிக்கு ஐந்து விரலும் இருந்தன. புதியவளுக்கு நாலு. ஹெட்விகாவின் வலது சுண்டுவிரலைப் பட்டை இறுக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டது 1983-இல்.

ஹெய்டுக் கூட்டிப் பார்த்தார். கை யாரோமீருடையது. வந்தது இந்த ஏப்ரலில். விரல் போனது யாரோமீருக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே அவர் 1983-க்குப் பிறகும் உயிரோடு இருந்திருக்கிறார், எங்கிருந்தோ மனைவியைப் பார்த்துமிருக்கிறார். தொழிற்சாலை மேலாளரிடம் இரண்டு முறை கேட்டாயிற்று. "நாங்க யாழ்க்காரி எதுவும் செய்யலை" என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார். அது ஹெய்டுக்குக்கு இன்னும் இனித்தது. இங்கே செய்யவில்லை என்றால் எங்கே செய்தார்கள்? எல்லைக்கு அந்தப் பக்கம்தான்.

இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு விசாரணை. மனுவைத் திரும்பப் பெறப்போவதாக ஹெட்விகா சொல்லியிருந்தார். நீதிபதியிடம் காட்ட ஒரு காகிதம் வேண்டும், பலகை எங்கிருந்து வந்தது என்று. அதைத் தேடித்தான் ஹெய்டுக் காலையிலேயே வந்திருந்தார். வந்த இடத்தில் தன் கெட்டிக்காரத்தனத்தை இன்னொரு முறை ரசிக்கலாம் என்று ஏணி மேல் ஏறிவிட்டார்.

"என்ன எண்றீங்க?"

கேட்டவள் ப்ளாங்கா. வாத்தியக் குழுவில் யாழ் வாசிக்கும் இளம்பெண். கையில் ஒரு சுருள் கம்பி, தோளில் பை.

"இந்த அம்மாவோட விரலை" என்றாள் யித்கா. "தலைவருக்கு நாலுக்கு மேல வரமாட்டேங்குது."

"நாலுதானே வரணும்?"

ஹெய்டுக் மேலிருந்தே திரும்பினார். "ஏன் நாலு?"

"நாங்க சுண்டுவிரலால வாசிக்கறதே இல்லையே சார். அது குட்டை, பலமும் கிடையாது. உள்ள மடக்கிக்குவோம்." ப்ளாங்கா காற்றிலேயே கையை வைத்துக் காட்டினாள். முன்னால் இருந்து பார்த்த ஹெய்டுக்குக்கு நாலு விரல்தான் தெரிந்தது. "இந்தப் புதுசுதான் சரி. பழசுதான் கேலிக்கூத்து. டீ குடிக்கற சீமாட்டியாட்டம் சுண்டுவிரலை நீட்டிக்கிட்டு நிப்பா. எங்க டீச்சர் புதுசா சேர்ற ஒவ்வொருத்தரையும் இங்க கூட்டிட்டு வந்து, இப்படி மட்டும் வாசிச்சிராதீங்கன்னு காட்டுவாங்க."

ஹெய்டுக் ஏணியை விட்டு இறங்கினார். ஏழு படிதான். நேரம் பிடித்தது.

லிபோவாவில் தெருவுக்கு மூன்று பேருக்கு விரல் இருக்காது. வெட்டும் சக்கரம் எடுத்திருக்கும், உடைந்த விளிம்பு எடுத்திருக்கும். ஹெய்டுக்கின் அப்பாவுக்கே இடது கையில் இரண்டு இல்லை. நாலு விரலைப் பார்த்தால் ஒன்று போய்விட்டது என்றுதான் இந்த ஊர்க்காரன் நினைப்பான், மடக்கியிருக்கலாம் என்று தோன்றவே தோன்றாது. இந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் வாசிக்கப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்கும் தோன்றவில்லை.

யித்கா கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் ஹெய்டுக்கைப் பயமுறுத்தியது.

"செதுக்கினது யாரோமீர்தான். அது மாறலை" என்றார். "ஏப்ரல்ல வந்துச்சு. அதுவும் மாறலை. விரல் இல்லாட்டியும் கணக்கு நிக்குது."

"நிக்குது" என்றாள் யித்கா. "ஆனா ஒத்தக் கால்ல நிக்குது."

ஹெய்டுக் ப்ளாங்காவிடம் திரும்பினார். "அம்மா, இது வந்தப்ப நீ இங்க இருந்தியா?"

"இருந்தேன். லாரில பெரிய மரப்பெட்டியா வந்துச்சு. மாட்டினவங்க பெட்டியை இங்கயே போட்டுட்டுப் போயிட்டாங்க. முரசு வாசிக்கறவர் மேடைக்குப் பின்னால அதுல உட்கார்ந்துதான் தினமும் ரொட்டி சாப்பிடறார்."

இரண்டு மாதமாகத் தேடிய சாட்சி மேல் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மூவருமாகப் பெட்டியைத் திருப்பினார்கள். உள்ளே ரொட்டித் துணுக்கு, வைக்கோல், திருகித் திணித்த செய்தித்தாள்கள். யித்கா ஒன்றைப் பிரித்தாள். அறுவடை இலக்கைத் தாண்டிய ஒரு கூட்டுப்பண்ணையின் படம். மேலே தேதி, 21 ஜூன் 1971. இன்னொன்றைப் பிரித்தாள். அதே தேதி.

பெட்டியின் உள்பக்கம் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. அச்சடித்த வரிகளுக்கு நடுவே மையால் எழுதியிருந்தது: கட்டியவர் எண் 14. 22.6.1971.

"பெட்டி பழசா இருக்கலாம் தலைவரே" என்றாள் யித்கா வேகமாக. "கண்ணாடி புதுசா இருக்கலாம். யாராவது பழைய பெட்டில வெச்சு அனுப்பியிருப்பாங்க. நம்ம ஊர்ல யார் பெட்டியைத் தூக்கிப் போடறாங்க?"

அவள் முகத்தைப் பார்க்காமலே ஹெய்டுக் சீட்டை உரித்துப் பைக்குள் வைத்தார். மணி பதினொன்றே கால்.

*

தொழிற்சாலையின் பாதி மூடிக்கிடந்தது. கொதிகலன் அறையில் வெண்டலின் கிழவர் காகிதத்தின் மேல் வைத்த சாசேஜைக் கடுகு விழுதில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் செதுக்கும் பட்டறையின் மேஸ்திரி. இப்போது காவலுக்கு இருக்கிறார்.

"யாழ்க்காரிப் பெட்டியா? நான்தான் அனுப்பினேன்" என்றார். "நிலவறையைக் காலி பண்ணச் சொன்னாங்க. அரங்கத்துல பழசு உடைஞ்சிருச்சுன்னு ஆள் வந்துச்சு. எடுத்துக் கொடுத்தேன்."

"மேலாளர் நீங்க செய்யவே இல்லைன்னாரே?"

"அவர் வந்து மூணு வருஷம். அவர் எங்க செஞ்சார்? நீங்க யார் செஞ்சதுன்னு கேட்டிருப்பீங்க. எங்க கிடந்துச்சுன்னு கேட்டிருந்தா நேரா என்கிட்ட அனுப்பியிருப்பார்." கிழவர் கடுகை வழித்தார். "இவ்வளவு பெரிய கண்ணாடில எதையும் ஒண்ணோட நிறுத்த மாட்டோம் சார். கொண்டு போற வழில விரிசல் விடும், மாட்டும்போது விரிசல் விடும். அதனால ரெட்டையாச் செய்வோம். ஒண்ணு சுவருக்கு, ஒண்ணு நிலவறைக்கு. ரெண்டாவது இருக்கறது வெளியாளுங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா உடைக்கறதுக்குப் பயப்பட மாட்டாங்க பாருங்க."

"அந்தப் பெட்டில வேற கண்ணாடி எதையாவது..."

"நான் அடிச்ச ஆணி. ஏப்ரல்ல துரு ஏறி வரமாட்டேன்னுச்சு, தலையை வெட்டித்தான் எடுத்தேன். நடுவுல யாரும் திறக்கலை."

"முதல் பலகைல அஞ்சு விரல், ரெண்டாவதுல நாலு" என்றாள் யித்கா. குரல் கெஞ்சுவது போலிருந்தது. "ரெட்டைன்னா ஒண்ணு போலத்தானே இருக்கணும் தாத்தா?"

வெண்டலின் சிரித்தார். "திறப்பு விழாவுல அந்த யாழ் வாசிக்கற பொம்பளை எல்லார் முன்னாலயும் சிரிச்சுட்டா. யாரோமீருக்கு மானம் போச்சு. வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. அப்புறம் ரெண்டாவதுல விரலை மடக்கிச் செதுக்கினான். இலையுதிர் காலத்துல சத்தமில்லாம மாத்திரலாம்னு இருந்தான். அதுக்குள்ள கடலுக்குப் போயிட்டான். அப்புறம் அவன் பேரை எடுத்தாலே விசாரணை. பெட்டியை மூலைல தள்ளினோம்."

ஹெய்டுக் சீட்டை எடுத்து நீட்டினார். கேட்க வேண்டியதில்லை, ஆனாலும் கேட்டார்.

"பதினாலு யாரு?"

"பெட்டி கட்டறவங்க ஆளுக்கு ஒரு எண். உடைஞ்சு போய்ச் சேர்ந்தா யார் கட்டினதுன்னு தெரியணுமே." கிழவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "பதினாலு ஹெட்விகாதான். இந்த நாலுக்கு அவ போடற கொக்கியைப் பாருங்க."

கொதிகலன் உறுமியது. கிழவர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"அட பாவி மனுஷா! அவன் இருக்கான்னு அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

ஹெய்டுக் சீட்டைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தார்.

*

பாதி வழியில், ரயில்வே கேட்டில் கார் நின்றது. யித்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"சொல்லாம விட்டுரலாம் தலைவரே."

"என்ன சொல்லணும்? காகிதம் கிடைக்கலைன்னா?"

"ஆமா. கிடைக்கலை. அவங்க மனுவைத் திரும்ப வாங்கிக்கட்டும். யாரோமீரோட கோட்டை எடுத்துச் சலவைக்குப் போட்டிருக்காங்க, தெரியுமா? இத்தாலி பாஷை கத்துக்க கேசட் வாங்கியிருக்காங்க. முந்தாநாள் போன்ல எனக்கே ரெண்டு வார்த்தை சொல்லிக் காட்டினாங்க. ஐம்பத்தேழு வயசுல! ஒரு பொய்தானே? என்ன குடிமுழுகிப் போயிரும்?"

"தினமும் தபால்காரரைப் பார்ப்பாங்க. கிறிஸ்துமஸுக்கு அவருக்குன்னு ஒரு தட்டு கூடுதலா வைப்பாங்க. வரலைன்னா, உயிரோட இருந்தும் என்கிட்ட வரலையேன்னு நினைப்பாங்க. செத்தவனைக் கும்பிடலாம். வராதவனை என்ன செய்யறது?"

"இதை எல்லாம் போன வியாழக்கிழமை யோசிச்சிருக்கணும்."

"ஆமா" என்றார் ஹெய்டுக். அவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக யித்காவின் வாய் மேல் கோபம் வரவில்லை.

சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது.

*

நீதிமன்ற நடைகூடத்தில் ஹெட்விகா ஜன்னலோரம் நின்றிருந்தார். புது நீலக் கோட்டு. முடிக்குச் சாயம் ஏற்றியிருந்தார், கழுத்தோரம் கொஞ்சம் கறை. ஹெய்டுக்கைப் பார்த்ததும் விரல் இல்லாத அந்தக் கையை உயர்த்தி அசைத்தார்.

"வாங்க, வாங்க! நீங்க வரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன். யித்கா, சாப்பிட்டியாம்மா? இந்தா, பிளம்ஸ் பணியாரம், காலைல செஞ்சது." பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து யித்காவின் கையில் திணித்தார். "காகிதம் கிடைச்சுதா?"

காரில் வரும்போது ஹெய்டுக் நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். அதற்கு முன் கை பைக்குள் போய்ச் சீட்டோடு திரும்பி வந்தது.

ஹெட்விகா சிரித்துக்கொண்டே வாங்கினார். படித்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டவர் போல.

"இது என் எழுத்து" என்றார்.

"பெட்டி அன்னைக்குக் கட்டினதும்மா. நடுவுல யாரும் திறக்கலை. விரல் வெட்டுப்பட்டதில்லை, யாழ் வாசிக்கறவங்க அப்படித்தான் மடக்குவாங்களாம். நான் தப்பாச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

ஹெட்விகா பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தச் சீட்டை மடியில் வைத்துத் தடவினார்.

"அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு இடத்துக்கு வந்தார்" என்றார். "சாயங்காலம் ஒரு பெரிய கண்ணாடி வரும், கட்டறதுக்கு முன்னால துணியை விலக்கிப் பாரு, உன்கிட்ட ஒண்ணு காட்டணும்னார். செதுக்கினது எல்லாம் துணி சுத்தித்தான் கீழ வரும். எங்களுக்கு நாற்பது பெட்டி பாக்கி. நான் பார்க்கலை. வீட்டுக்கு வந்து, பார்த்தியா, எப்படி இருந்துச்சுன்னு கேட்டார். ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார்."

யித்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொட்டலம் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

கதவு திறந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள்.

சின்ன அறைதான். நீதிபதி ஒரு நடுவயதுப் பெண், ஜலதோஷம் பிடித்திருந்தது. பக்கத்தில் தட்டச்சுக்காரி. ஹெய்டுக்கும் யித்காவும் கடைசி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"மனுவைத் திரும்ப வாங்கிக்கறதா போன்ல சொன்னீங்களாம்" என்றார் நீதிபதி.

"இல்லம்மா. அது வேண்டாம். மனு அப்படியே இருக்கட்டும்."

"1971 செப்டம்பருக்கு அப்புறம் உங்க கணவர்கிட்டயிருந்து ஏதாவது தகவல், கடிதம், உயிரோட இருக்கறதுக்கு ஏதாவது அடையாளம் கிடைச்சுதா?"

ஹெட்விகா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஹெய்டுக்குக்குத் தாங்கியிருக்குமா தெரியாது.

"இல்லை."

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு தாளைத் திருப்பினார். "சரி. இறந்த தேதின்னு ஒண்ணு எழுதணும். கரையில துணி கிடைச்ச நாளைப் போடறதுதான் வழக்கம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

"இன்னைக்குத் தேதியைப் போடுங்க."

தட்டச்சுக்காரி நிமிர்ந்தாள்.

"அம்மா, அவர் போய் இருபத்து மூணு வருஷம் ஆச்சு" என்றார் நீதிபதி மெதுவாக.

"தெரியும்மா. அத்தனை வருஷமும் அவர் இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியலை. போன வியாழக்கிழமையிலிருந்து இருந்தார். ஏழு நாள் நல்லா இருந்தார். கோட்டைக்கூடச் சலவைக்குப் போட்டிருந்தேன்." ஹெட்விகா சீட்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். "இப்பத்தான், வெளியே பெஞ்சில உட்கார்ந்திருக்கும்போது செத்துப்போனார்."

நீதிபதி தட்டச்சுக்காரியின் பக்கம் குனிந்து, 1971 செப்டம்பர் 30 என்று அடிக்கச் சொன்னார்.